பதினேழாம் எண்

தாழ்வாரத்தில் பதினாறு பிள்ளைகள்.
கையில் தண்ணீர்க் குப்பி,
தொண்டைக்குள் ஆளுக்கொரு தேன்கூடு.
பள்ளிக் கோட்டு போட்ட ஒருவன், லுங்கேலோ,
நகர்ந்து இடம் தந்து கேட்டான்:
"ஆண்ட்டி, நீங்க யாரோட அம்மா?"

கிரோஷ்னியின் அம்மாதான்.
அவள் கீழே காரில்
கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிறாள்,
குரங்குகளுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு.
ஆனால் பதினேழாம் எண் என்னுடையது.
சேலையில் குத்தியிருந்ததைக் காட்டினேன்.
"ஹாவு!" என்றான்.
பிறகு தன் தேன்தண்ணீரில் பாதியை
என் குப்பியில் ஊற்றினான்.

நாற்பத்து மூன்று வயது.
பகலில் டர்பன் நகராட்சி, தண்ணீர்ப் பில் கவுண்டர்.
மற்ற நேரம், சாட்ஸ்வொர்த்தில் யார் செத்தாலும்
முதல் போன் பெட்டிக்காரருக்கு,
இரண்டாவது எனக்கு.
வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், திறந்த பெட்டி.
தலைமாட்டில் நின்று நான் பதிகம் எடுத்தால்
மூன்றாம் அடிக்குள் மூத்த மருமகள் உடைவாள்.
அதுதான் எனக்குத் தாளம்.
அழாத வீட்டில் எனக்குச் சுருதி நிற்காது.

ஏன் விண்ணப்பித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.
யாரோ கவுண்டரில் விட்டுப்போன நோட்டீஸ்.
பின்பக்கம் பில் தொகையைக் கூட்டிப் பார்த்திருந்தார்கள்,
எழுபத்து நாலு ரேண்ட் தவறு.
திருத்திவிட்டு முன்பக்கத்தைத் திருப்பினேன்.

"மேடை அனுபவம்" என்றொரு கோடு இருந்தது படிவத்தில்.
இருபத்திரண்டு வருஷம் என்று எழுதினேன்.
எந்த மேடை என்று அவர்கள் கேட்கவில்லை.

உள்ளே மூன்று பேர்.
மேசையில் பாதி உரித்த நார்ச்சி.
(நாரத்தைதான் கடல் தாண்டி
இந்த ஊர் வாயில் அப்படிச் சுருங்கிற்றாம்.)
முதலில் இத்தாலியப் பாட்டு,
ஆறு மாதம் பஸ்ஸில் மனப்பாடம் செய்தது.
பியானோக்காரி முன்னால் ஓடினாள்,
நான் கடைசி நிறுத்தத்தில் போய்ப் பிடித்தேன்.
"இனி உங்கள் விருப்பம்" என்றார்கள்.

எனக்குத் தெரிந்த விருப்பம் ஒன்றுதானே.
எடுத்தேன்.
மூன்றாம் அடி போயிற்று. நாலாவதும்.
யாரும் உடையவில்லை.
எங்கோ பென்சில் உரசும் சத்தம்.
என் பாட்டுக்கு அழாத முகங்களை
அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல ஆசை.
பொய். நான் பார்க்கவே இல்லை.

முடிந்ததும் டாக்டர் ம்கீஸே எழுந்து வந்தாள்.
"கீழே என்ன இருக்கிறது?" என்றாள்.
புரியவில்லை.
"முழுப் பாட்டுக்கும்
தரையில் ஒரே இடத்தைப் பார்க்கிறீர்கள்,
அங்கே யாரோ படுத்திருப்பதுபோல."

மூன்று மாதப் பாக்கியோடு வந்து
என்னையே திட்டுகிறவர்களிடம்கூட
எனக்கு இப்படி வாய் அடைத்ததில்லை.

என் மோவாய்க்கு அடியில் இரண்டு விரல் வைத்து
ஒரு நூல் உயர்த்தினாள்.
"சொல் வேண்டாம். 'ஆ' மட்டும். அந்த ஜன்னலுக்கு."

ஜன்னலில் குட்டியோடு ஒரு குரங்கு.
அதற்கும் பின்னால் துறைமுகத்தில்
பாரந்தூக்கிகள், எதையும் தூக்காமல்.

முதல் ஆ விரிசல்.
இரண்டாவது ஒரு படி ஏறி
அங்கேயே நின்றுவிட்டது.
இறங்கிப் போய்ச் சேர
கீழே யாரும் இல்லை.
குரங்கு காதைச் சொறிந்துகொண்டது.

மூன்று வாரத்தில் கடிதம் வருமாம்.

"எப்படிம்மா?" என்றாள் கிரோஷ்னி.
"ஒருத்தரும் அழல."
"அது நல்லதா?"
கார் சாவியைத் தேடினேன்.

போனில் இரண்டு தவறிய அழைப்பு, ஒரு செய்தி.
படையாச்சி மாமா, யூனிட் ஏழு, சனிக்கிழமை ஒன்பது மணி.
வருகிறேன் என்று அனுப்பினேன்.
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான்
மலை இறங்கும்வரை யோசனை.